முன்னால் போன பாட்டரி

ஒரு நல்ல மனிதர் தம் அச்சு இயந்திரத்தை விற்றதற்கு நான் காரணம். அவரிடம் பொய் சொன்னேன். வாயால் சொன்னது கொஞ்சம், செய்து காட்டியது அதிகம். அவர் அதை நம்பித் தம் ஊருக்கு எடுத்துப் போய் அதன்மேல் முதல் போட்டார்.

சென்ற மாதம் ஓர் ஆங்கிலப் பத்திரிகையின் உள்பக்கத்தில் அவர் மறைந்த செய்தி வந்திருந்தது. மேற்கு ஆப்பிரிக்காவின் மூத்த எழுத்தாளர், பத்திரிகையாளர், இதழ்களும் அச்சகமும் நிறுவியவர் என்று போட்டிருந்தார்கள். நடுவில் ஒரு வரி: ஐம்பதுகளில் சில ஆண்டுகள் அவர் பத்திரிகை எதுவும் நடத்தவில்லை. ஏன் என்று எழுதவில்லை. திருவாலங்காட்டில் தொடங்கி ஆரம்பாக்கத்தில் முடிந்த மூன்று நாள் பயணத்தில் அதற்கான காரணம் இருக்கிறது. கூடப் போனவர்களில் இன்று மிச்சம் இருப்பவன் அநேகமாக நான் மட்டுமே.

அவர் பெயர் அசாரே. அப்போது கோல்டு கோஸ்ட் என்று சொன்ன நாட்டில், கடலோரத்து மீனவ ஊர்க்காரர். பள்ளி ஆசிரியராக இருந்து, கப்பல் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்து, ஒரு சின்ன நாவல் எழுதித் தாமே அச்சடித்துச் சந்தையில் கூவி விற்றவர். அந்த வருமானத்தில் பாதிரிமார் கழித்துப் போட்ட கையச்சு இயந்திரம் ஒன்றை வாங்கி, தம் மக்களின் மொழியில் வாரப் பத்திரிகை தொடங்கினார். எழுதுவதும் எழுத்துக் கோப்பதும் அவர்தான். மடித்துத் தலைச்சுமையாகக் கொண்டுபோனது அவர் மனைவி. அரசாங்கத்தைக் கண்டித்து எழுதியதற்கு அபராதம் போட்டபோது, மீன் விற்கும் பெண்கள் மடியில் முடிந்திருந்த காசை அவிழ்த்து அதைக் கட்டினார்களாம். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் தாழும்.

நம் நாட்டைப் பார்க்க யாரோ அழைத்து வந்திருந்தார்கள். அணைக்கட்டுகளையும் ஆலைகளையும் காட்டினார்கள். கிராமத்து ரேடியோவைப் பார்க்க வேண்டும் என்று அவராகக் கேட்டார். அதனால் என்னிடம் வந்து சேர்ந்தார். சென்னையில் கிராம ரேடியோக்களைப் பராமரிக்கும் அலுவலகம் ஒன்றில் நான் உதவியாளன். பஞ்சாயத்துக் கட்டடங்களில் பூட்டிய மரப்பெட்டிக்குள் ரேடியோ இருக்கும். சாயங்காலம் பஞ்சாயத்து ஆள் பெட்டியைத் திறந்து திருகுவார். கூரைமேல் கட்டிய ஒலிபெருக்கியில் நெல் விலையும் விவசாயப் பேச்சும் நாடகமும் வரும். மின்சாரம் வராத ஊர்களில் பாட்டரி. அது தீர்ந்தால் நாங்கள் புதியதைக் கொண்டுபோய்ப் போட வேண்டும்.

முதல் சந்திப்பிலேயே அசாரே தம் கேள்வியைச் சொல்லிவிட்டார். அவர் ஊரைச் சுற்றியுள்ள கிராமங்களில் படிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. பத்திரிகைக்கு இரண்டாவது இயந்திரம் வாங்கலாமா, அல்லது இருப்பதையும் விற்றுவிட்டு ஊருக்கு ஒரு ரேடியோ வைக்கலாமா என்று இரண்டு வருஷமாக யோசித்துக்கொண்டிருக்கிறார். "வைத்த அன்று எந்த ஊரிலும் பாடும். அடுத்த வருஷமும் பாடுகிறதா? அதைப் பார்க்கத்தான் வந்தேன்" என்றார்.

அந்தச் சமயம் எங்களிடம் பாட்டரி இல்லை. சப்ளை செய்கிறவருக்கும் மேலிடத்துக்கும் ஏதோ தகராறு. பல மாதங்களாக எங்கள் பெட்டிகள் பெரும்பாலும் ஊமை. அலுவலகம் முழுக்கத் தேடியதில் உயிருள்ள பாட்டரி ஒன்று கிடைத்தது. மேலதிகாரி தலையில் கை வைத்துக்கொண்டார். அப்போது நான் சொன்னேன்: "ஒன்று போதும் சார். விருந்தாளி ஒரே நேரத்தில் இரண்டு ஊரிலா இருக்கப்போகிறார்?"

அந்த யோசனை முழுக்க என்னுடையது. மேலதிகாரி சிரித்த சிரிப்பும், என் தோளில் தட்டியதும் இன்னும் நினைவிருக்கிறது. எனக்குப் பெருமையாக இருந்தது.

முதல் நாள் திருவாலங்காடு. ரயிலில் மூன்றாம் வகுப்பில்தான் வருவேன் என்று அசாரே பிடிவாதம் பிடித்தார். அந்தப் பெட்டியில் இருந்த எல்லாரும் முறுக்கைக் கையில் வைத்துக்கொண்டு கடிக்காமல் அவரையே பார்த்தார்கள். எதிரே இருந்த காய்கறிக்காரர் பக்கத்திலிருந்தவரிடம், "குஸ்திக்கு வந்த ஆளு போல. கைய பாரு, உலக்கையாட்டம்" என்றார். இன்னொருவர், "அந்த முடிய எப்டி சீவுவாரு?" என்று என்னிடமே கேட்டார். என்ன பேசுகிறார்கள் என்று அசாரே ஆங்கிலத்தில் விசாரித்தார். எந்த நாட்டுக்காரர் என்று மரியாதையாகக் கேட்கிறார்கள் என்றேன். பயணத்தின் முதல் பொய் அதுதான். ரொம்பச் சுலபமாக வந்தது.

அவரோ கொஞ்ச நேரத்தில் காய்கறிக்காரரின் கூடையிலிருந்து ஒரு பச்சை மிளகாயை எடுத்து, கடித்து மென்று, "சுமார்" என்பதுபோல் தலையை ஆட்டினார். பெட்டியே சிரித்தது. அதன்பின் அரக்கோணத்துக்காரர் ஒருவர் தம் புளிசாதத்தில் பாதியை இலையோடு அவர் மடியில் வைத்தார்.

எங்கள் மெக்கானிக் ஏகாம்பரம் காலை வண்டியிலேயே பாட்டரியோடு போயிருந்தார். நாற்பது வயதுக்காரர், ஒல்லி, வெற்றிலை வாய். நாங்கள் கோயில் குளத்தைச் சுற்றிவிட்டுப் பஞ்சாயத்துக் கட்டடத்துக்கு வந்தபோது பெட்டி பாடிக்கொண்டிருந்தது. ஜனம் நெருக்கியடித்து நின்றது. பல மாதம் கழித்துக் கேட்டால் நெருக்கத்தானே செய்வார்கள்? அசாரே அதை வேறு விதமாக எடுத்துக்கொண்டார். தினமும் இத்தனை பேரா என்றார். தினமும் என்றேன். அவர் ரேடியோவை அதிகம் பார்க்கவில்லை, கேட்கிறவர்களின் முகங்களைத்தான் பார்த்தார். நெல் விலை சொன்னபோது ஒரு கிழவர் காதுக்குப் பின்னால் கையைக் குவித்ததைப் பார்த்து, தாமும் அப்படியே குவித்துக் காட்டினார்.

ரேடியோவை நிறுத்தியதும் நாங்கள் ஸ்டேஷனுக்குக் கிளம்பிய பிறகு, அதுவரை அசாரே கண்ணில் படாமல் இருந்த ஏகாம்பரம் பாட்டரியைக் கழற்றிச் சாக்கில் சுற்றிக்கொண்டு அடுத்த ஊருக்குப் புறப்பட்டார். கழற்றும்போது பஞ்சாயத்து ஆள் ஏதாவது கேட்டாரா என்று பிறகு விசாரித்தேன். "கேக்காம இருப்பாரா சார்? சார்ஜ் பண்ணி எடுத்துகினு வரேன்னு சொல்லிக்கினேன்" என்றார். அந்தப் பாட்டரியைச் சார்ஜ் செய்ய முடியாது. தீர்ந்தால் தூக்கி எறிய வேண்டியதுதான்.

இரண்டாம் நாள் பழவேற்காடு. பொன்னேரியிலிருந்து வந்த பஸ் வழியில் இரண்டு முறை நின்றது. இரண்டாம் முறை இறங்கித் தள்ளினோம். அசாரே எல்லாருக்கும் முன்னால் நின்று தள்ளினார். எங்கள் ஊர் லாரிகளில் பக்கவாட்டில் ஒரு பழமொழி எழுதியிருக்கும், தள்ளுகிறவன் அதைப் படித்துக்கொண்டே தள்ளலாம், உங்கள் பஸ்ஸில் படிக்க ஒன்றுமே இல்லையே என்று குறைப்பட்டார்.

ஊருக்குள் நுழைந்ததும் கருவாட்டு வாசனை வந்தது. அவர் கண்ணை மூடி நின்றார். ஊரைவிட்டு வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது அவருக்கு. மீன், இறால் வியாபாரம் செய்யும் ஹாஜியார் வீட்டில் பகல் சாப்பாடு. இறாலை மிளகாயும் தேங்காயும் அரைத்துச் செய்திருந்தார்கள். வியர்வை காதோரம் வழிய வழிய அசாரே கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். எங்கள் ஊரில் படகு ஆணுடையது, கரைக்கு வந்த மீன் பெண்ணுடையது, விலையை அவள்தான் வைப்பாள், புருஷனே ஆனாலும் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும் என்றார். நான் அதைத் தமிழில் சொன்னேன். ஹாஜியார் வேலைக்காரரைப் பார்த்து, "கதவ சாத்துப்பா. உள்ள காதுல உழுந்துடப் போவுது" என்றார். உள்ளேயிருந்து பெண்களின் சிரிப்புச் சத்தம் கேட்டது.

சாயங்காலம் கால்வாய் வழியே படகில் காட்டுப்பள்ளி. எங்களுக்கு முன்னால் போயிருக்க வேண்டிய ஏகாம்பரம் துறையில் சாக்கு மூட்டையோடு உட்கார்ந்திருந்தார். அருகில் வந்து மெதுவாக, "ஒத்த ஆளுக்கு எவன் சார் படவு எடுப்பான்? காலைலருந்து பேஜாரு" என்றார்.

மூன்று பேரும் ஒரே படகில் ஏறினோம். ஏகாம்பரத்தை எனக்குத் தெரியாதவர்போல் பாவித்தேன். பாட்டரி இரண்டு செங்கலைச் சேர்த்துக் கட்டியது போன்ற கனம். படகு ஆடியபோது அவர் தடுமாற, அசாரே சட்டென்று மூட்டையைப் பிடித்துக்கொண்டார். இவ்வளவு கனமாக என்ன என்று என்னைக் கேட்டார். வெல்லம் என்றேன்.

கொஞ்ச தூரத்தில் காற்று எழுந்தது. தண்ணீர் படகுக்குள் அடித்தது. ஏகாம்பரம் மூட்டையைக் குழந்தைபோல் மார்போடு அணைத்தார். அசாரே தம் மழைக்கோட்டைக் கழற்றினார். வெல்லம் நனைந்தால் போயிற்றே, பாவம், விற்கக் கொண்டுபோகிறார் போலிருக்கிறது என்று சொல்லி, மூட்டையை வாங்கித் தம் மடியில் வைத்து, கோட்டால் மூடி, இரு கையாலும் பிடித்துக்கொண்டார். அவர் சட்டை முழுக்க நனைந்தது. நான் அவருக்கு நேர் எதிரே உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கரை நெருங்கும்போது ஒரு துண்டு ருசி பார்க்கலாமா, காசு கொடுத்துவிடுகிறேன் என்றார். ஏகாம்பரம் என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு, "சாமிக்கு நேந்துகினது, வாயில வைக்கக் கூடாதுன்னு சொல்லு சார்" என்றார். சொன்னேன். அசாரே உடனே கையை எடுத்துக்கொண்டார். எங்கள் அம்மாவும் முன்னோருக்கு என்று எடுத்து வைத்ததை முகரக்கூட விடமாட்டாள் என்று சொல்லி, இறங்கும்போது மூட்டையை இரண்டு கையாலும் ஏந்தி ஏகாம்பரத்திடம் கொடுத்தார்.

ஊர்த் தலைவர் எங்களுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்துப் பேசிக்கொண்டிருந்தபோதே, எங்கிருந்தோ ரேடியோ பாட ஆரம்பித்தது. மணலும் சவுக்கும் உப்புக்காற்றும் மட்டும் உள்ள அந்த ஊரில் அதைக் கேட்டதும் அசாரேயின் கண் கலங்கியது. இங்கேயும்கூடவா என்றார். நான் ஆமாம் என்றேன்.

அன்றே சொல்லியிருக்கலாம். அவர் சிரித்திருப்பார் என்றுகூடத் தோன்றுகிறது. ஆனால் எனக்கு அப்போது பயம் மேலதிகாரியிடம் இல்லை. அசாரேக்கு முன்னால் நம் நாடு சின்னதாகிவிடும் என்று பயந்தேன். ஆப்பிரிக்காவிலிருந்து ஒருவர் நம்மைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வந்திருக்கிறார் என்ற எண்ணம் எனக்குள் ஒரு போதையாக இருந்தது. இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் உண்மை அதுதான்.

மூன்றாம் நாள் கும்மிடிப்பூண்டி வழியாக ஆரம்பாக்கம். இன்று கும்மிடிப்பூண்டியில் இறங்கினால் ஆலைச் சங்கும் கம்பெனி பஸ்களும்தான். அன்று ஸ்டேஷனுக்கு வெளியே இரண்டு மாட்டுவண்டிகள் நின்றன. முன்னால் போன கூட்ஸ் தடம் புரண்டதால் எங்கள் வண்டி அதற்குமேல் போகவில்லை. மாட்டுவண்டியில் மிச்ச தூரம் போனோம். பாதியில் அச்சாணி கழன்றது. வண்டிக்காரர் சக்கரத்தைத் தூக்கி நிறுத்திவிட்டு, அந்தப் பக்கம் ஆந்திரா, இந்தப் பக்கம் மதராஸ், ரோட்டைப் போட வேண்டியது யார் என்றே இன்னும் பேசி முடியவில்லை என்று அசாரேயிடம் தெலுங்கிலும் தமிழிலும் புகார் செய்தார். நான் மொழிபெயர்க்கவில்லை. எனக்கு அலுத்துவிட்டது. உடம்பெல்லாம் தூசி. அசாரே மட்டும் உற்சாகமாக இருந்தார்.

பஞ்சாயத்துக் கட்டடத்தை ஒட்டி மங்கம்மாவின் கடை. ஓலைக் கொட்டகை, ஒரு பெஞ்சு, இட்லிப் பானை. ஐம்பது வயதிருக்கும், இடுப்பில் சுருக்குப்பை. அசாரே இட்லியைப் பிட்டு முகர்ந்தார். எங்கள் ஊரில் மக்காச்சோள மாவைப் புளிக்க வைத்து இலையில் சுற்றி அவிப்போம், இந்த வாசனையேதான் என்றார். மங்கம்மா அவர் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்து, கேட்காமலே இன்னும் நான்கை வைத்தாள்.

ரேடியோ பாடியது. ஊரே வந்து நின்றது. பெஞ்சு நிறைந்தது, இட்லி காலியானது. மங்கம்மா கையைத் துடைத்துக்கொண்டு எங்கள் முன்னால் வந்தாள்.

"இன்னா நைனா, இன்னிக்கிப் பாடுது? தை மாசத்துலருந்து பொணமாட்டம் கெடந்துதே?"

என்ன சொல்கிறாள் என்றார் அசாரே.

தை மாதத்திலிருந்து ஒரு நாள் தவறாமல் கேட்கிறாளாம் என்றேன்.

அவர் எழுந்து அவளுக்குத் தலை வணங்கினார். அவள் என்னைப் பார்த்தாள். நான் சொன்னதற்கும் அவர் வணங்கியதற்கும் பொருத்தமில்லை என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். குரலைத் தாழ்த்தி மெதுவாக, குழந்தைக்குச் சொல்வதுபோல் சொன்னாள்:

"தோ பாரு நைனா. இவரு அந்தாண்ட போனதும் நீங்க இதப் புடுங்கிகினு பூடுவீங்க. எனக்குத் தெரியும். இவராண்ட சொல்லு. இத இங்கயே உட்டுட்டுப் போவச் சொல்லு. பாட்டு இருந்தா நாலு பேரு குந்துவான். நாலு பேரு குந்துனா என் நாஷ்டா விக்கும். நான் துட்டு, டப்பு எதுவும் கேக்கல."

அசாரே அவள் முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். நீங்கள் இங்கேயே ஒரு வாரம் தங்க வேண்டுமாம் என்றேன்.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். இந்த ஊரை நான் என்னோடு எடுத்துப் போகிறேன் என்று சொல்லுங்கள் என்றார்.

"பாட்டரி இங்கதான் இருக்கும்னு அவர் சொல்றாரும்மா" என்றேன்.

இரண்டு பக்கத்தையும் ஏமாற்றியது அந்த ஒரு வாக்கியம். மங்கம்மா அவர் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

தடம் சரியாகி வண்டி வருகிறது என்றார்கள். நடைமேடையில் அசாரே என் பக்கம் திரும்பி, தம் இரண்டு வருஷ யோசனை முடிந்துவிட்டது என்றார். ஊருக்குப் போனதும் இயந்திரத்தை விற்கப்போகிறார். இருக்கிற சேமிப்பையும் சேர்த்து, கிராமத்துக்கு ஒரு ரேடியோ. "இவர்களால் முடிகிறது என்றால் எங்களாலும் முடியும்." அவர் கடைசியாகச் சொன்னது அது. வண்டி வந்துகொண்டிருந்தது. நான் அவர் பெட்டியை எடுத்துக் கொடுத்தேன்.

அடுத்த வாரம் வேறு பக்கம் ஒரு பெரிய மனிதர் வருவதாக இருந்தது. அதனால் பாட்டரி அன்றே ஆரம்பாக்கத்தை விட்டுப் போயிற்று. ஏகாம்பரம் கழற்றும்போது மங்கம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். அந்த வருஷம் எனக்குப் பதவி உயர்வு வந்தது.

இரண்டு வருஷம் கழித்து அசாரேயிடமிருந்து கடிதம் வந்தது. இயந்திரத்தை விற்று ரேடியோ வைத்தாராம். முதலில் எல்லா ஊரிலும் பாடியதாம். பிறகு ஒவ்வொன்றாக நின்றுபோயிற்று. பாட்டரி கப்பலில் வர வேண்டும், வந்தாலும் கிராமத்துக்குப் போய்ச் சேர்வதில்லை. கடிதத்தில் கோபம் இல்லை. அவருக்கு ஒரு உதவி வேண்டியிருந்தது. ஆரம்பாக்கத்தில் எப்படி ஒரு நாள் தவறாமல் பாட வைக்கிறார்கள், யார் பார்த்துக்கொள்கிறார்கள், காட்டுப்பள்ளி மாதிரி ஒரு மணல் திட்டுக்குக்கூட எப்படிப் பாட்டரி போய்ச் சேர்கிறது, அந்த முறையை விவரமாக எழுதுங்கள், அப்படியே செய்கிறேன் என்று கேட்டிருந்தார்.

மழைக்காலம் முழுக்க நான் பதில் எழுதவில்லை. அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதினேன். திருவாலங்காடு, படகு, மங்கம்மா கேட்டது, நான் சொன்னது, எதையும் விடவில்லை. மன்னிப்பும் கேட்டேன்.

பதில் சிறியதாக வந்தது. தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்:

"என் மடியில் வைத்திருந்த வெல்லம் அதுதானா? இயந்திரம் போனது போகட்டும், அது இரும்பு. ஆனால் ரேடியோ நின்றபோது நான் ஒவ்வொரு ஊராகப் போய்க் கூட்டம் போட்டு என் ஜனங்களைத் திட்டினேன். இந்தியாவில் உங்களைவிட ஏழைகள் மணல் திட்டில் உட்கார்ந்துகொண்டு பாட வைக்கிறார்கள், உங்களுக்குத்தான் பொறுப்பில்லை என்றேன். அபராதம் கட்டிய பெண்களிடமும் சொன்னேன். அவர்கள் தலைகுனிந்து கேட்டுக்கொண்டார்கள். இனி நான் அந்த ஊர்களுக்கெல்லாம் திரும்பப் போக வேண்டும். உங்களுக்குத் தபால்தலை போதுமாக இருந்தது, நான் நடந்து போக வேண்டும். ஒன்று மட்டும் எனக்குத் தெரிய வேண்டும். அந்தப் பாட்டரி இப்போது எந்த ஊரில் இருக்கிறது?"

அவர் போனார் என்று பின்னாளில் அவருடைய நூல் ஒன்றில் படித்தேன். கிராமம் கிராமமாகப் போய் மன்னிப்புக் கேட்டாராம். எதற்கு என்று எழுதவில்லை. என் பெயரையும் எழுதவில்லை. அந்தப் பெண்களே மறுபடி பணம் போட்டு ஒரு பழைய கையச்சு இயந்திரம் வாங்கிக் கொடுத்தார்கள். அதிலிருந்துதான் பிற்பாடு வந்த அச்சகமும் இதழ்களும்.

அவர் கேட்ட பாட்டரி எப்போதோ தீர்ந்து குப்பைக்குப் போயிருக்கும். அவர் கடிதம் வந்த கையோடு, என் சொந்தச் செலவில் மூர் மார்க்கெட் பக்கம் அலைந்து புதிதாக ஒன்று வாங்கினேன். அதைச் சாக்கில் சுற்றி நானே தூக்கிக்கொண்டு ஆரம்பாக்கம் போனேன். கூட ஏகாம்பரம் வந்தார், லீவு போட்டுவிட்டு. சும்மா வரவில்லை. "அன்னிக்கி நான் தூக்குனேன், இன்னிக்கி நீ தூக்கு சார். எவ்ளோ கனம்னு தெரியட்டும்" என்றார். வழி நெடுக ஒரு கை கொடுக்கவில்லை.

ரேடியோப் பெட்டிக்குள் குளவி கூடு கட்டியிருந்தது. ஏகாம்பரம் சுத்தம் செய்து, கம்பிகளை மாற்றி, பாட்டரியைப் பொருத்தித் திருகினார். இரைச்சலுக்கு நடுவே ஒரு பெண்குரல் பாட ஆரம்பித்தது.

மங்கம்மா கடையிலிருந்து எழுந்து வந்தாள். தலை நரைத்திருந்தது. பாட்டைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு என்னிடம் கேட்டாள்:

"இன்னிக்கி யாரு வராங்க நைனா?"

யாரும் வரவில்லை, இது ஊருக்கு, இங்கேயே இருக்கும், நான் எடுத்துப்போக மாட்டேன் என்றேன். அவள் நம்பவில்லை. பாட்டரி தீர்ந்த அந்தத் தை மாதத்திலிருந்து, யாரும் வராமல் ரேடியோ பாடி அந்த ஊர் பார்த்ததில்லை. பாட்டரியைக் குனிந்து பார்த்தாள். அவள் முகம் மெதுவாக மாறியது.

"அவரு குட்த்து அனுப்பினாரா? இட்லி துன்னாரே, கறுப்புத் தொர. சொன்ன மாதிரியே அனுப்பிட்டாரு பாரு. அன்னிக்கி நீதான் எடுத்துகினு பூட்ட. அவரு சொன்ன சொல்லு மாறல."

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். பஞ்சாயத்து ஆளும் பக்கத்தில் நின்ற நாலைந்து பேரும் ஏற்கெனவே அதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் வாசலில் தண்ணீர் தெளித்தார். இன்னொருவர் பெஞ்சை இழுத்துத் துடைத்தார். ஸ்டேஷன் பக்கம் வண்டிச் சத்தம் கேட்டபோது எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். வண்டி வந்தது, போயிற்று. யாரும் வரவில்லை.

"இந்த வண்டில இல்ல. வேற ஒரு நாள் வருவாரு" என்றாள் மங்கம்மா. பிறகு பஞ்சாயத்து ஆளைப் பார்த்து, "நிறுத்துய்யா. தீத்துடாத. அவரு வர்றப்போ பாட வாணாமா?" என்றாள்.

அவர் ரேடியோவைத் திருகி நிறுத்தினார். பெட்டியைச் சாத்திப் பூட்டினார். தினமும் போடுங்கள், தீர்ந்தால் நான் வேறு கொண்டுவருகிறேன் என்று சொன்னேன். அவர்கள் தலையாட்டினார்கள். நான் வாக்குக் கொடுத்து அவர்கள் தலையாட்டியது அது முதல் முறை இல்லை. ஏகாம்பரம் வெற்றிலையைத் துப்பிவிட்டு, வா சார் போலாம் என்றார். வருகிறவருக்கு என்று எடுத்து வைத்த இட்லியை மங்கம்மா இலையில் கட்டி என் கையில் கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்து அசாரேக்கு எழுதினேன். பாட்டரி ஆரம்பாக்கத்தில் இருக்கிறது, நீங்கள் கொடுத்தனுப்பியதாக நினைக்கிறார்கள், நீங்கள் வரும்வரை தீர்ந்துவிடக் கூடாது என்று அணைத்துப் பூட்டி வைத்திருக்கிறார்கள் என்று எழுதினேன். அந்தக் கடிதத்துக்குப் பதில் வரவில்லை.